இசைத்தட்டுக் கருவிக்கு ஊசிக்கை வாங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலையகத்தில் இசைத்தட்டு சேர்ப்பவர்கள் பலருக்கும் ஏறக்குறைய ஒரே கதைதான். முதலில் தட்டுகள் வந்து சேரும். தோட்டத்துப் பங்களா கைமாறும்போது வெளியே போடப்பட்ட பெட்டியிலிருந்தோ, மூடப்பட்ட வானொலி திருத்தும் கடையிலிருந்தோ, தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து பூஞ்சணம் பிடித்த உறைகளோடோ அவை கிடைக்கும். அவற்றைக் கேட்பதற்காக ஒரு கருவி வாங்கப்படும். அது சில மாதம் பாடிய பின் யாராவது ஒருவர், "கையை மாற்றினால் இன்னும் நன்றாகக் கேட்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார். பணம் கரையத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

டோன்ஆர்ம் என்று கடைகளில் சொல்லப்படும் ஊசிக்கையைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. இசைத்தட்டுக் கருவியின் உறுப்புகளில் விற்பனையாளரின் சொல் மிக உயரப் பறப்பது இந்த உறுப்பின் மீதுதான். இயந்திரவியலின்படி இது மிக எளிய பொருள் என்பதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு தண்டு, இரண்டு அச்சு, ஓர் எதிர்எடை, நான்கு மெல்லிய கம்பிகள் ஆகியவற்றுக்கு மேல் அதில் சொல்ல அதிகமில்லாததால், மீதி இடத்தைப் பெயரடைகள் நிரப்புகின்றன. நான் இதுவரை மூன்று கைகள் வாங்கியிருக்கிறேன், அவற்றுள் ஒன்றை முட்டாள்தனமாக வாங்கினேன். கீழே வரும் படிகளில் பாதி அந்த ஒன்றிலிருந்து கற்றவை.

கை செய்யும் வேலை

தட்டின் தவாளிப்பில் ஓடும் ஊசி, கார்ட்ரிட்ஜின் (கையின் நுனியில் மாட்டப்பட்டு, ஊசியின் அசைவை மின்னாக்கும் சிறு பெட்டியின்) உடலோடு ஒப்பிடும்போது எவ்வளவு அசைகிறது என்பதே மின்குறிப்பாக மாறுகிறது. ஆகவே இசை இருக்கும் மீடிறன்களில், அதாவது 20 ஹேர்ட்ஸுக்கு மேல், கார்ட்ரிட்ஜின் உடல் அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் வளைந்த தட்டின் மேடு பள்ளமும் நடுத்துளை சற்று விலகிய தட்டின் ஆட்டமும் வரும்போது அதே உடல் எதிர்ப்பில்லாமல் கூடவே போக வேண்டும். நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடும் தட்டில் இந்த ஆட்டம் நொடிக்கு அரைமுறை முதல் சில முறை வரையே நிகழும். விரைவான அசைவுக்குச் சுவர்போல் நிற்பதும் மெதுவான அசைவுக்கு இறகுபோல் இணங்குவதுமே கையின் முழு வேலை.

இவ்வேலையை ஐந்து பண்புகள் தீர்மானிக்கின்றன: ஊசி உணரும் திணிவு, அச்சுகளின் உராய்வு, அச்சிலும் இணைப்புகளிலும் தளர்ச்சி இல்லாமை, தவாளிப்புக்கு ஊசி நிற்கும் கோணம், மின்குறிப்பைக் கெடுக்காமல் கடத்துதல். எந்த விளம்பரத்தைப் படித்தாலும், இது இந்த ஐந்தில் எதை மாற்றுகிறது, எவ்வளவு மாற்றுகிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு எண் வராவிட்டால், அந்தக் கூற்றுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

முதற்படி: உங்களிடம் உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் நான்கு விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சுழல்தட்டின் நடுக்குச்சியிலிருந்து கையின் அச்சு வரையுள்ள தூரம், கார்ட்ரிட்ஜின் எடை, கார்ட்ரிட்ஜின் நெகிழ்ச்சி (ஊசி எவ்வளவு எளிதாக வளைந்து கொடுக்கிறது என்பதற்குத் தயாரிப்பாளர் தரும் எண்), நீங்கள் கேட்கும் தட்டுகளின் வகை ஆகியவையே அவை. முதலாவது, கை உங்கள் கருவியில் உட்காருமா என்பதைச் சொல்லும். டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 வகைக் கருவிகளில் அத்தூரம் 215 மில்லிமீற்றர், ரீகா கைகளில் 222 மில்லிமீற்றர். ஏழு மில்லிமீற்றர்தானே என்று தோன்றலாம். ஆனால் அச்சுக்கான துளையை மரப்பலகையில் மாற்றலாமே தவிர, வார்ப்பு உலோக உடலில் மாற்றுவது எளிதல்ல.

நான்காவது விடயத்தை வெளிநாட்டு வழிகாட்டிகள் பெரும்பாலும் பேசுவதில்லை. நம்மவர் பெட்டிகளில் நெடுந்தட்டுகளோடு (எல்.பி.) 78 சுற்றுத் தட்டுகளும் கலந்து கிடக்கின்றன. நெடுந்தட்டின் சாதாரண உருண்டை ஊசிமுனையின் ஆரை ஏறத்தாழ 18 மைக்ரோமீற்றர், 78 சுற்றுத் தட்டுக்கு அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு பருத்த முனை வேண்டும். மெல்லிய முனையை 78இல் வைத்தால் அது தவாளிப்பின் அடியில் கிடந்து தூசியைப் பாடும். ஆகவே கழற்றி மாட்டும் ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் நுனிப்பகுதி) கொண்ட கை நமக்கு உண்மையான பயன் தருகிறது. ஒரே வார்ப்பான தண்டு உறுதியில் மேலானது என்ற வாதம் பொய்யல்ல. ரீகா நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஆர்.பி. 300 அந்த வாதத்தை நியாயமான விலையில் நிரூபித்துக் காட்டியது. எனினும் இரண்டு வகைத் தட்டும் கேட்பவர், ஒவ்வொரு முறையும் இரண்டு நுண்ணிய திருகாணிகளைக் கழற்றி மாட்ட வேண்டிய கையை வாங்கினால், மூன்றாம் மாதத்தில் 78 தட்டுகளைத் தொடுவதையே விட்டுவிடுவார். பருத்த ஊசி தனியே கிடைக்கும் கார்ட்ரிட்ஜ் உங்களிடம் இருந்தால் இந்தத் தேவை பாதியாகக் குறையும். அப்போதும் 78 ஊசி கேட்கும் கூடிய அழுத்தத்தைக் கை தருமா என்று பாருங்கள், ஏனெனில் சில கைகளின் அளவுக்கோடு 3 கிராமோடு நின்றுவிடுகிறது.

இரண்டாம் படி: திணிவையும் பரிவையும் கணக்கிடுங்கள்

இதுவே கட்டுரையின் நடுப்பகுதி. வேறு எதையும் படிக்க நேரமில்லாதவர் இதை மட்டும் படித்தாலும் போதும்.

கையின் "பயன்படு திணிவு" என்பது அதைத் தராசில் வைத்தால் வரும் எடை அல்ல. ஊசி இருக்கும் இடத்தில் நின்று பார்த்தால் கை எவ்வளவு பாரமாகத் தோன்றுகிறது என்பதே அது. அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தோடு சடத்துவம் கூடுவதால், ஹெட்ஷெல்லில் உள்ள ஒரு கிராம் ஒரு கிராமாகவே கணக்கில் வரும், தண்டின் நடுவில் உள்ள ஒரு கிராம் கால் கிராமாக மட்டுமே வரும். 230 மில்லிமீற்றர் நீளக் கையில் அச்சிலிருந்து 46 மில்லிமீற்றர் தள்ளி நிற்கும் 100 கிராம் எதிர்எடை, ஊசிக்கு 4 கிராமாகத்தான் தெரியும். ஆகவே "எங்கள் கை 400 கிராம், திடமானது" என்ற விளம்பர வரியிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. பயன்படு திணிவை எழுதாத விற்பனையாளரிடம் முதலில் அதையே கேளுங்கள்.

அந்தத் திணிவும் கார்ட்ரிட்ஜ் ஊசியின் நெகிழ்ச்சியும் சேர்ந்து, வில்லில் தொங்கும் பாரம்போல் ஒரு குறிப்பிட்ட மீடிறனில் தானாகவே ஆடும். அந்தப் பரிவு மீடிறன் 8 முதல் 12 ஹேர்ட்ஸ் வரை இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் தட்டின் வளைவும் தரையின் அதிர்வும் கையை ஆட்டும், மேலே போனால் இசையின் அடித்தொனி ஊதிப்பெருகும். கணக்கு எளியது. கையின் பயன்படு திணிவு, கார்ட்ரிட்ஜின் எடை, திருகாணிகளின் எடை ஆகிய மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். வரும் தொகையை நெகிழ்ச்சி எண்ணால் பெருக்குங்கள். பெருக்கத்தின் வர்க்கமூலத்தால் 159ஐ வகுத்தால் பரிவு மீடிறன் ஹேர்ட்ஸில் கிடைக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஓர்டொஃபோன் 2எம் ரெட் என்ற கார்ட்ரிட்ஜ் 7.2 கிராம் எடையும் 20 என்ற நெகிழ்ச்சியும் உடையது. 11 கிராம் பயன்படு திணிவுள்ள கையில், திருகாணிகளுக்கு ஏறத்தாழ 1 கிராம் சேர்த்தால் மொத்தம் 19 கிராம் அளவில் வரும். 19ஐ 20ஆல் பெருக்க 380, அதன் வர்க்கமூலம் 19.5, ஆகவே பரிவு 8 ஹேர்ட்ஸுக்குச் சற்று மேலே நிற்கும். இது எல்லைக்குள் இருக்கிறது. அதே கார்ட்ரிட்ஜை "நிலையத் தரம்" என்று புகழப்படும் 20 கிராம் கையில் மாட்டினால் மொத்தம் 28 கிராம் ஆகி, பரிவு 6.7 ஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

இந்த ஒன்றரை ஹேர்ட்ஸ் வித்தியாசம் கொழும்பு மாடிவீட்டின் கொங்கிரீற்றுத் தரையில் பெரிதாகத் தெரியாமல் போகலாம். நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ பலகை பாவிய பழைய வீட்டுத் தரையில், யாராவது அறையைக் கடந்து நடந்தாலே நொடிக்குச் சில முறை ஆடும் அசைவு தரையிலிருந்து மேசைக்கும் மேசையிலிருந்து கைக்கும் ஏறும். பரிவு கீழே இறங்க இறங்க அந்த ஆட்டத்தோடு அது நெருங்கும், ஊசி தாவும். அதிக விலை கொடுத்து வாங்கிய கை பழையதைவிட மோசமாகத் தாவுகிறது என்று என்னிடம் முறையிட்ட ஒருவரின் சிக்கல் இதுவேதான். கருவியைச் சுவரில் அறைந்த தாங்கியில் வைத்ததும் பாதி தீர்ந்தது, பழைய இலேசான கையைத் திரும்ப மாட்டியதும் முழுவதும் தீர்ந்தது.

கணக்கில் ஒரு வழுக்கல் உண்டு. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பலர் நெகிழ்ச்சியை 100 ஹேர்ட்ஸில் அளந்து எழுதுகிறார்கள், நமது கணக்குக்கு 10 ஹேர்ட்ஸ் அளவு வேண்டும். அதற்கு அந்த எண்ணை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக எடுத்துக்கொள்வது வழக்கம். ஜப்பானிய ஒலிபரப்புக்காக 1960களில் உருவான டெனொன் டி.எல். 103 கார்ட்ரிட்ஜின் எழுதிய நெகிழ்ச்சி 5, எடை 8.5 கிராம். ஐந்தை அப்படியே போட்டால் கை மிகவும் பாரமாக இருக்க வேண்டும் என்று தோன்றும். இரண்டு மடங்காக்கினால் 11 கிராம் கையிலேயே 11 ஹேர்ட்ஸ் அளவில் நிற்கும், ஒன்றரை மடங்காக்கினால் 13க்கு அருகில் போகும். அதனால்தான் அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு நடுத்தரத்திலிருந்து பாரமான கை வரை பரிந்துரைக்கிறார்கள். இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம்: எந்தக் கார்ட்ரிட்ஜுக்கு என்று சொல்லாமல் ஒரு கையை "சிறந்தது" என்று சொல்வதில் பொருளில்லை.

மூன்றாம் படி: விளம்பரத்தின் சொற்களைப் பிரித்துப் பாருங்கள்

முதலில் தண்டின் பொருள். "விமானத் தர அலுமினியம்" என்ற தொடரை எல்லாப் பக்கத்திலும் காணலாம். அப்படி அழைக்கப்படும் 6061 கலப்புலோகத்தில் சைக்கிள் சட்டமும் செய்கிறார்கள். அது நல்ல பொருள்தான், ஆனால் அபூர்வமானதல்ல. காபன் நார் உண்மையாகவே இலேசானது, விறைப்பானது. இருந்தாலும் குழாயின் விட்டமும் சுவர்த் தடிப்பும் ஹெட்ஷெல் இணைப்பும் தெரியாமல் நாரின் பெயர் எதையும் உறுதிப்படுத்தாது. மரக் கைகள் பார்க்க அழகானவை. ஆண்டில் பல மாதம் மூடுபனிக்குள் இருக்கும் ஊரில், மரம் எதனால் பூசி மூடப்பட்டிருக்கிறது என்று விசாரிக்காமல் நான் அவற்றை வாங்கமாட்டேன்.

அடுத்தது பெயாரிங். "ஏபெக் 7", "ஏபெக் 9" என்ற எண்கள் பெயாரிங்கின் அளவுத் துல்லியத்துக்கும் சுழற்சித் துல்லியத்துக்கும் உரிய தரவரிசையாகும். இவை ஏமாற்று எண்கள் அல்ல. ஆனால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுழலும் அச்சுகளைக் கருத்திற்கொண்டு எழுந்த தரவரிசை இது. நமது கையோ தட்டின் வெளி விளிம்பிலிருந்து உள் விளிம்பு வரை, இருபது நிமிடத்தில் ஏறத்தாழ 23 பாகைதான் திரும்புகிறது. அங்கே தீர்மானிப்பது பெயாரிங்கைப் பொருத்தியவரின் கைத்திறன். இறுக்கினால் உராயும், தளர்ந்தால் ஆடும். சிறந்த பெயாரிங்கைத் தவறாகப் பொருத்திய கையைவிட, நடுத்தரப் பெயாரிங்கை அளவாகப் பொருத்திய கை நன்றாக வேலை செய்யும். ஒற்றை முனையில் நிற்கும் கைகளில் தளர்ச்சி என்பதே இல்லை என்று சொல்வார்கள், அது உண்மை. அவை பக்கவாட்டில் உருளும் என்பதும், வீட்டில் மற்றவர்கள் தட்டுப் போடும்போது பதற்றம் தரும் என்பதும் விளம்பரத்தில் வராத உண்மைகள்.

உட்கம்பியைப் பற்றிய கூற்றுகளே எனக்குச் சிரிப்பூட்டுபவை. வெள்ளி செம்பைவிட ஏறத்தாழ 6 சதவீதம் சிறந்த கடத்தி. மேலே சொன்ன 2எம் ரெட்டின் உள்தடை ஏறத்தாழ 1,300 ஓம், கைக்குள் ஓடும் கம்பியின் தடையோ சில ஓமைத் தாண்டுவது அரிது. அந்தச் சிலவற்றில் 6 சதவீதத்தைக் குறைப்பதற்காக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுப்பவர், மகாவலியில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு மட்டம் உயர்ந்ததா என்று பார்ப்பவரைப் போன்றவர். கம்பியில் கவனிக்க வேண்டியவை வேறு. அது மெல்லியதாகவும் வளையக்கூடியதாகவும் இருக்க வேண்டும், விறைத்த கம்பி வில்லாகிக் கையைத் திருப்பி இழுக்கும். காந்தம் அசையும் எம்.எம். வகைக் கார்ட்ரிட்ஜுக்குக் கைக்கம்பியும் வெளிக்கம்பியும் பெருக்கியின் உள்ளீடும் சேர்ந்த கொள்ளளவம் எல்லைக்குள் இருக்க வேண்டும், 2எம் ரெட்டுக்கு அது 150 முதல் 300 பிக்கோபரட். மண்தொடுப்புக் கம்பி ஒழுங்காக இருக்க வேண்டும். இந்த மூன்றும் கேட்கும்படியான வித்தியாசத்தைத் தரும்.

நீளத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் அது பாதி உண்மை. அச்சில் திரும்பும் கை ஒரு வில்லை வரைகிறது, தட்டை வெட்டிய கருவியோ நேர்க்கோட்டில் போனது. இந்த வித்தியாசத்தால் வரும் கோணப்பிழை 9 அங்குலக் கையில் கூடியது 2 பாகை அளவிலும், 12 அங்குலக் கையில் ஒன்றரைப் பாகை அளவிலும் இருக்கும். எனவே நீளமான கை சிறந்ததென்ற கூற்றில் நியாயம் உண்டு. ஆனால் ஆதாயம் அரைப் பாகைதான். சாதாரணக் கையில் ஊசியை ஒரேயொரு மில்லிமீற்றர் முன்னே தள்ளிப் பொருத்தினால், உட்புறத் தவாளிப்பில் ஏறத்தாழ 0.9 பாகை பிழை வரும். அதாவது கூடுதல் மூன்று அங்குலத்துக்கு நீங்கள் கொடுத்த முழுத் தொகையையும் ஒரு மில்லிமீற்றர் கவனக்குறைவு விழுங்கிவிடும். உட்புறத்தில்தான் தவாளிப்பு நொடிக்கு 210 மில்லிமீற்றர் வேகத்தில் மெதுவாக ஓடுகிறது, வெளிப்புறத்தில் அது 510. பிழை அதிகம் காதில் விழுவதும் அந்த உட்புறத்தில்தான். நீளக் கையின் பயன்படு திணிவு வழக்கமாகக் கூடவும் செய்யும், ஆகவே இரண்டாம் படியின் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

உயரத்தை நுண்ணளவில் மாற்றும் வசதியும் இதே இனத்தைச் சேர்ந்தது. 230 மில்லிமீற்றர் கையின் பின்புறத்தை 4 மில்லிமீற்றர் உயர்த்தினால்தான் ஊசியின் கோணம் ஒரு பாகை மாறும். தடித்த தட்டுக்கும் மெல்லிய தட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் மாறுவது கால் பாகைக்கும் குறைவு. வேறு உயரமுள்ள கார்ட்ரிட்ஜுகளை மாற்றி மாற்றிப் பாவிப்பவருக்கு உயரத் திருகு தேவை. நூறில் ஒரு மில்லிமீற்றர் காட்டும் அளவுச் சக்கரம் யாருக்கும் தேவையில்லை.

கையைத் தட்டின் நடுவை நோக்கி இழுக்கும் பக்க விசையைச் சமன்செய்ய நூலும் எடையும் இருந்தாலென்ன, வில் இருந்தாலென்ன, காந்தம் இருந்தாலென்ன, எல்லாமே தோராயம்தான். தவாளிப்பின் ஆட்டம் கூடினால் உராய்வும் கூடி அவ்விசை பாட்டுக்குப் பாட்டு மாறுகிறது. இதற்காக விலை கூட்டிக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: பாவித்த கையைக் கையால் சோதியுங்கள்

இங்கே கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பாவித்தவை. நல்ல பழைய கை, புதிய மலிவான கையைவிடப் பல வேளை மேலானது என்பதால் அதில் தவறில்லை. என் முட்டாள்தனமும் இங்கேதான் நடந்தது. கொழும்பிலிருந்த ஒரு விற்பனையாளர் ‘எஸ்’ வளைவுள்ள கை ஒன்றின் படங்களை அனுப்பி, "சேர், ஜப்பான் சாமான், பெயாரிங் எல்லாம் புதுசு மாதிரி" என்றார். பணம் அனுப்பினேன். பெட்டி பஸ்ஸில் வந்தது. எதிர்எடை கழற்றப்படாமல் கையிலேயே இருந்தது, கினிகத்தேனை வளைவுகளில் அது எத்தனை முறை அடித்திருக்குமோ தெரியாது. மாட்டிக் கேட்டபோது பக்கத்தின் கடைசிப் பாட்டுகளில் ‘ஸ’ ஓசை சீறியது. ஊசி தேய்ந்ததென்று எண்ணிப் புதிய ஊசி வாங்கினேன், சீறல் போகவில்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் ஹெட்ஷெல்லைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்த்தேன். "டிக்" என்று ஒரு நுண்ணிய தட்டல் விரலில் தெரிந்தது. முன்பு யாரோ அச்சுத் திருகை அளவுக்கு மீறி இறுக்கிப் பெயாரிங்கைப் பள்ளமாக்கிவிட்டு, பிறகு தளர்த்தியிருக்கிறார்கள். விற்றவர் திருப்பி எடுக்கவில்லை.

ஆகவே முதல் சோதனை அந்த அசைப்புத்தான். கையின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடித்து, ஹெட்ஷெல்லை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மிக மெல்ல அசையுங்கள். ஒற்றை முனைக் கையைத் தவிர மற்றவற்றில் தட்டலோ தளர்ச்சியோ இருக்கக் கூடாது. ஹெட்ஷெல் கழன்று வரும் வகையென்றால் அதன் இணைப்பில் வரும் ஆட்டத்தை அச்சின் ஆட்டமென்று எண்ணிவிடாதீர்கள், கழுத்து வளையத்தை இறுக்கிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

இரண்டாவது உராய்வுச் சோதனை. கார்ட்ரிட்ஜ் மாட்டிய கையை எதிர்எடையால் சமன்செய்து காற்றில் மிதக்க விடுங்கள். பக்க விசைச் சமனியைப் பூச்சியத்தில் வையுங்கள். வாயால் இலேசாக ஊதினால் கை நகர்ந்து, ஆடி, மெதுவாக நிற்க வேண்டும். பிறகு தட்டின் வெளி, நடு, உள் ஆகிய மூன்று இடங்களிலும் இதையே செய்யுங்கள். ஓர் இடத்தில் மட்டும் சிக்கினால் பெயாரிங்கில் பள்ளமோ துருவோ இருக்கிறது. எங்கு விட்டாலும் ஒரே இடத்துக்குத் திரும்பி வந்தால் உட்கம்பி விறைத்திருக்கிறது அல்லது கருவி சரிவாக நிற்கிறது.

மூன்றாவது மின்சோதனை. கார்ட்ரிட்ஜைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள், மல்ற்றிமீற்றரின் மின்னோட்டம் சில கார்ட்ரிட்ஜுகளின் நுண்சுருளைக் கெடுக்கலாம். சிவப்பு வலது நேர், பச்சை வலது மறை, வெள்ளை இடது நேர், நீலம் இடது மறை என்பதே வழக்கமான நிறவரிசை. நான்கு கம்பிகளும் கையை அசைக்கும்போதும் அறாமல் தொடர்பு காட்ட வேண்டும். நூறில் ஒரு கிராம் காட்டும் சிறு மின்தராசு ஒன்றைக் கூடவே கொண்டுபோனால், அளவுக்கோடு சொல்லும் ஊசியழுத்தம் உண்மையா என்றும் அங்கேயே பார்க்கலாம். தராசின் தட்டு இசைத்தட்டின் உயரத்திலேயே இருக்க வேண்டும். கையை மெதுவாக ஏற்றி இறக்கும் தூக்கியின் பசைத்திரவம் வற்றியிருந்தால் அது பெரிய குறையல்ல, விலையைக் குறைத்துக் கேட்க உதவும் குறை.

முழுக் கருவியோடு கை வந்தால், ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கருவி 100 வோல்ற்றுக்கு உரியது என்பதை மறவாதீர்கள். நமது 230 வோல்ற்றில் நேரே செருகியவர்கள் புகையைப் பார்த்திருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: விலையை முழுமையாகக் கூட்டுங்கள்

வெளிநாட்டுப் பக்கத்தில் காணும் விலை உங்கள் விலை அல்ல. பொருள் விலை, அனுப்பும் கட்டணம், காப்புறுதி ஆகியவை சேர்ந்த தொகையின் அடிப்படையில்தான் சுங்கத் தீர்வை கணக்கிடப்படுகிறது. அதற்கு மேல் 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உள்ள பெறுமதி சேர் வரியும் ஏறும். 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறியதைப் பார்த்தவர்கள், இன்னொரு செலவையும் சேர்ப்பார்கள்: நாளைக்கு ஓர் உதிரிப்பாகம் வேண்டுமானால் அது எங்கிருந்து, எந்த விலையில் வரும் என்பதை.

உதிரிப்பாகம் பற்றிய கேள்வி கற்பனையல்ல. கைகளின் பெயரில் பெரும்புகழ் பெற்ற எஸ்.எம்.ஈ. நிறுவனம் 2019 இறுதியில் கைகளைத் தனியே விற்பதை நிறுத்தியது. வேறு பல பெயர்களுக்கும் கைகள் செய்து கொடுத்த ஜப்பானின் ஜெல்கோ 2020இல் மூடப்பட்டது. அந்தச் செய்திகள் வந்ததுமே பழைய கைகளின் விலை ஏறியது. ஏறிய பகுதியில் எவ்வளவு பொறியியலுக்கு, எவ்வளவு அபூர்வத்துக்கு என்று பிரித்துப் பாருங்கள். அபூர்வத்துக்குக் கொடுக்கும் பணம் காதுக்குக் கேட்காது. ஜெல்கோ போன்ற நிறுவனங்கள் பிற பெயர்களுக்கும் செய்தன என்பதால், ஒரே தொழிற்சாலையின் கை இரண்டு பெயர்களில் இரண்டு விலையில் கிடைப்பதும் உண்டு. அச்சுத் தூரம், நீளம், பயன்படு திணிவு ஆகிய மூன்று எண்களையும் ஒப்பிட்டால் உறவு வெளிப்படும்.

செலவின் வரிசையைப் பற்றி என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நல்ல ஊசி, அடுத்து அதைச் சரியாகப் பொருத்த ஒரு கோணமானியும் தராசும், அடுத்து ஆடாத தாங்கி, அதற்குப் பிறகே கை. இன்றைய கையில் தளர்ச்சியும் சிக்கலும் இல்லை, பரிவு 8க்கும் 12க்கும் இடையில் நிற்கிறது என்றால், அதை மாற்றுவதால் வரும் ஆதாயம் சிறிது. இவற்றில் ஏதாவது ஒன்று தவறினால் மட்டும் கைக்குப் பணம் ஒதுக்குங்கள்.

கடையில் கேட்டுப் பார்த்து முடிவெடுக்கலாமே என்பார்கள். ஒரு கருவியில் ஒரு கார்ட்ரிட்ஜோடு ஒரு கை, மற்றொன்றில் வேறு கார்ட்ரிட்ஜோடு வேறு கை என்றால், நீங்கள் கேட்பது கார்ட்ரிட்ஜுகளின் வித்தியாசத்தை. ஒலியளவு சற்றே கூடிய பக்கம் எப்போதும் சிறந்ததாகத் தோன்றும் என்பதும் விற்பவருக்குத் தெரியும். அதைவிட நம்பகமான வழி, பழைய கையோடு ஒரு பாட்டைக் கணினியில் பதிந்து வைத்து, அதே கார்ட்ரிட்ஜைப் புதிய கையில் மாட்டி அதே பாட்டைத் திரும்பப் பதிந்து, ஒலியளவைச் சமன்செய்து, எது எதுவென்று தெரியாமல் வேறொருவரை ஓடவிடச் சொல்லிக் கேட்பதுதான். இதற்காகவே திருப்பிக் கொடுக்கும் கால எல்லையை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: பொருத்திய முதல் வாரம்

கோணமானியை நடுக்குச்சியில் செருகி, அச்சின் தூரத்தை முதலில் சரிபாருங்கள். அது தவறினால் மற்ற எல்லாம் தவறும். பின்னர் ஊசியை கோணப்பிழை பூச்சியமாகும் இரண்டு சூனியப் புள்ளிகளிலும் கோட்டோடு நேராக்குங்கள். 1941இல் பேர்வால்ட் வெளியிட்ட கணக்கின்படி வழக்கமாகப் பாவிக்கப்படும் புள்ளிகள் நடுவிலிருந்து 66.0, 120.9 மில்லிமீற்றரில் உள்ளன. ஊசியின் நேரையே பாருங்கள், கார்ட்ரிட்ஜ் பெட்டியின் விளிம்பு ஊசிக்கு நேராக இருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. ஊசியழுத்தத்தைத் தயாரிப்பாளர் தந்த எல்லையின் நடுவிலோ சற்று மேலோ வையுங்கள். குறைந்த அழுத்தம் தட்டைக் காக்கும் என்ற நம்பிக்கை தவறு. அழுத்தம் குறைந்த ஊசி தவாளிப்புச் சுவரில் துள்ளி மோதித்தான் தட்டைக் கெடுக்கிறது.

அதன்பின் நன்றாகத் தெரிந்த ஒரு தட்டின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். குரல் தெளிவாக, ‘ஸ’, ‘ச’ ஓசைகள் சீறாமல் வந்தால் கோணமும் பெயாரிங்கும் சரி. ஒலிபெருக்கியின் கூம்பு பாட்டில்லாத இடத்திலும் முன்னும் பின்னும் அலைந்தால் பரிவு மிகக் கீழே இருக்கிறது, இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

ஹெட்ஷெல் கழன்று வரும் கையென்றால், அதன் பின்முனையிலுள்ள நான்கு தொடுமுனைகளை ஈரமான மாதங்களுக்குப் பின் ஒருமுறை பாருங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் தென்மேற்குப் பருவம் முடிந்ததும், பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் வடகீழ்ப் பருவம் முடிந்ததும் அதைச் செய்யலாம். ஒரு காது மட்டும் விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கியதும் கையையே மாற்ற நினைத்த பதுளை நண்பர் ஒருவருக்கு, பென்சில் அழிப்பானால் அந்த நான்கு முனைகளையும் மெல்லத் துடைத்ததோடு வேலை முடிந்தது.